தென்னந்தடிப் பாலம்

ஏலம் எடுத்த வருசம்
சுகதன் முதலில் வாங்கினது டிவி.
அப்புறம் சீரியல் பல்பு,
நீலமும் பச்சையுமாய்ப் புழையைப் பார்த்து மினுக்க.
தவளை கூடிற்று. ஆள் கூடவில்லை.

நான் அருளாயி. கடைக்குப் பின்னால் அடுப்படி என்னுடையது.
கொழிஞ்சாம்பாறையில் ஆறேகால் பஸ் பிடித்து வருவேன்.
வரால், குடம்புளி, காந்தாரி மிளகாய்.
காரம் தூக்கலாய் வை என்பான் சுகதன்,
காரம் ஏறினால் குப்பி இறங்குமாம்.
வைத்தேன்.
மத்தியானம் மூன்று மணிக்கு
சட்டியும் நானும் பூனையும்.

பலகையில் ரெண்டே எழுத்து.
பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிப் போகிறவர்கள்
மலையாளத்தில் அந்த ரெண்டை மட்டும் படிப்பார்கள்.
அதற்கும் பலகை கண்ணில் பட வேண்டும்.
இந்தக் கடை ரோட்டுக்கு முதுகைக் காட்டி
தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.
நம்பியதெல்லாம் அக்கரையை:
செங்கல் சூளைக்காரர்கள்,
தோப்பில் வட்டம் வெட்டுகிறவர்கள்,
சம்பளத்தன்று மட்டும் வரும் ஒரு பஞ்சாயத்து கிளார்க்.

ஐப்பசியில்
ஆழியாறு திறந்த தண்ணியோ வானம் கொட்டின தண்ணியோ
நடைபாலத்தை ராத்திரியோடு உருவிக்கொண்டு போய்விட்டது.
சுற்றி வர நாலு மைல்.
நாலு மைல் நடந்து வந்து குடித்தவன்
நாலு மைல் நடந்து வீடு சேர்வதற்குள் தெளிந்துவிடுகிறான்.
அப்புறம் எதற்குக் குடிக்க?

ஆறுச்சாமிதான் வாய் திறந்தான்.
அவன் ஏறுகிற மரமெல்லாம் அக்கரையில்.
"சுத்தி வர்றதுக்குள்ள கள்ளுக்கு வயசாயிருதுங்க.
டிவிய வித்துப்போட்டு
மூணு தென்னந்தடி போடுங்க."

சுகதன் ரெண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் டிவி இருந்த இடத்தில்
சுவரில் வெள்ளையாய் ஒரு சதுரம்.

தடி போட்டு, கம்பி முறுக்கி,
கைக்கு ஒரு பக்கம் நைலான் கயிறு.
சாயங்காலம் சூளைக்காரர்கள் வருவார்கள் என்று
ரெண்டு கிலோ வரால் கூட வாங்கினேன்.
ஆனால் விடிந்ததும் பாலத்தில் முதலில் ஏறியது
பால் கேன்கள்.
சொசைட்டிக்குப் போகும் பெண்கள், ஏழு பேர்.
பின்னால் யூனிபாரத்தில் பிள்ளைகள்.
அவர்களுக்குப் பின்னால் குடை பிடித்து
பங்கஜாட்சி டீச்சர்.
இந்தக் கடையை மூடச் சொல்லி
நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கி வைத்திருப்பவர்.

கடைப் பக்கம் முகம் திருப்பவில்லை.
நாலாம் நாள் அடுப்படி ஜன்னலில் நின்றார்.
"கயிறு ஒரு பக்கம்தானே இருக்கு. பிள்ளை விழுந்தா?"
சுகதன் மறுபக்கமும் கட்டினான்.
"நாலிலிருந்து நாலரை வரைக்கும்
பாலத்தில் எவனும் நிற்கக் கூடாது."
நிற்பதில்லை.
கொச்சன் ஒருவன் மட்டும், நேரம் தப்பி ஏற வந்தால்,
கரையிலேயே ஒதுங்கி
திவ்ய நற்கருணைக்குத் தலை குனிகிற மாதிரி நிற்பான்.

அந்தக் கையெழுத்துத் தாள் என்ன ஆச்சு டீச்சர் என்றேன்.
"பையில இருக்கு.
கிழிக்க மாட்டேன். கொடுக்கவும் இல்ல."
இருக்கட்டும்.
அந்தப் பை பாலம் கடக்கும்போதெல்லாம்
சுகதன் முற்றம் கூட்டுகிறான்.
எக்சைஸ் ஜீப்புக்குக்கூட இப்படிக் கூட்டினதில்லை.

என் வீட்டுக்காரர் குடித்தே போனவர்.
பிறகும் இந்த அடுப்பில் ஏன் நிற்கிறாய் என்று
பாதர் ஒருமுறை கேட்டார்.
அவர் குடித்தது கள் இல்லை, எல்லை தாண்டி வாங்கின குப்பி.
அதைப் பதிலாய்ச் சொல்ல வாய் வரவில்லை.
பஸ்ஸுக்கு நேரமாச்சு பாதர் என்றேன்.

இப்போது பால் விட்டுத் திரும்புகிறவர்கள்
ஜன்னலில் டிபன் பாக்ஸ் நீட்டுகிறார்கள்.
ஒருத்திக்கும் கடைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது,
மீன் எத்தனை துண்டு என்று தெரியும்.
சனிக்கிழமை கள்ளைவிடக் கறி முந்துகிறது.
சுகதன் கணக்கு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
எல்லாம் காந்தாரியின் கைராசி என்கிறான்.

தென்னந்தடி தண்ணீர்மேல் மூன்று வருசம் நிற்குமாம்.
ஆறுச்சாமி தினமும் நடுத்தடியைக் காலால் தட்டிப் பார்க்கிறான்.

மிளகாயைப் பாதியாய்க் குறைத்து மாசம் ரெண்டாச்சு.
பிள்ளைகளும் சாப்பிடுகிற கறி.
அவனிடம் சொல்லவில்லை.